‘பாக்கலாமுங்க’ என்றால் சம்மதம்

1

போன வியாழக்கிழமை ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத் துறையில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் நீல நிறக் க்ரீமில் ஒரு கிணறு. தாராபுரம் பக்கத்துக் கிணறாம். அந்தப் பக்கமே வந்திராத ஒரு ஜெர்மன் பேக்கரிக்காரர் அதை வட்டமாக வரைந்து, மேலே கூரை போட்டு, கயிற்றில் ஒரு வாளியையும் தொங்கவிட்டிருந்தார். எங்கள் ஊர்க் கிணறு சதுரம். பாறையை வெடி வைத்து உடைத்து, ஓரத்தில் படி விட்டு, வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பெரிய குழி அது. கூரையும் கிடையாது, ஒரு அழகும் கிடையாது.

பேராசிரியர் கத்தியை வைத்துக் கிணற்றை நடுவில் பிளந்து, முதல் துண்டை எனக்கு நீட்டினார். “உங்கள் ஊர் மக்களுக்கு எங்கள் நன்றி” என்றார். இனிப்பு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பொய்யைச் சொல்லி, தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தேன்.

எதற்கு இவ்வளவு கோபம் என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

இந்தப் பல்கலைக்கழகமும் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு முடிந்ததற்குத்தான் அந்தக் கேக். இயற்கை அறிவியல், பொறியியல், சமூக அறிவியல் மூன்றும் கைகோத்த ஆய்வு என்று முதல் பக்கத்திலேயே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவந்து, எங்கள் பக்கத்து வறண்ட கிணறுகளில் விட்டு, நிலத்தடி நீரை உயர்த்தலாமா என்பது கேள்வி. பாறை தண்ணீரை எப்படிக் கடத்தும் என்று முதல் குழு பார்த்தது. குழாயும் குதிரைத்திறனும் இரண்டாம் குழுவின் பாடு. ஊர்க்காரர்கள் இதற்குச் சம்மதிக்கிறார்களா என்று மூன்றாம் குழு வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்தது.

அந்தப் பதிவுகளைக் கேட்டுத் தமிழில் எழுதி ஜெர்மனில் தருவது என் வேலை. பதவிக்கு மொழி சரிபார்ப்பாளர் என்று பெயர். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து விழுந்தால்தான் அறிக்கை மேலே போகும்.

2

ஒரு சொல்லைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்லியாக வேண்டும். கொங்கு வாசகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். மற்ற மாவட்டக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

நான் கோயமுத்தூரில் வேதியியல் படித்த காலத்தில் அம்மா ஒரு தடவை தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். அக்கா ரூத்துக்குக் கல்யாணப் புடவை எடுக்க ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் புடவைகளை மலைபோல் குவித்தார். அம்மா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், கரையைத் திருப்பிப் பார்த்தார், கடைக்காரர் சொன்னதற்கெல்லாம் “சரிங்க, சரிங்க” என்றார். கடைசியில் “பாக்கலாமுங்க” என்றார். அவ்வளவுதான். அம்மா எழுந்திருப்பதற்கு முன்பே கடைக்காரர் புடவைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. “நல்லதுங்கம்மா, போயிட்டு வாங்க” என்றார்.

எங்கள் ஊரில் ‘சரிங்க’ என்றால் நீங்கள் சொல்வது காதில் விழுகிறது என்று பொருள். ‘ஆகட்டுங்க’ என்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். ‘பாக்கலாமுங்க’ என்றால் முடியாது. ‘போயிட்டு வாங்க’ என்றால் கிளம்புங்கள். இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்பது கதவை அறைந்து சாத்துவது மாதிரி. வீட்டுக்கு வந்த ஒரம்பரையிடம், அதாவது விருந்தாளியிடம், அப்படிப் பேசுகிறவர்களை மறுநாள் ஊரே பேசும்.

இந்த மரியாதையைப் பற்றித்தான் எல்லோரும் கொங்குத் தமிழ், தேன் தமிழ் என்று மெச்சுகிறார்கள். மெச்சட்டும். எங்கள் வீடுகளில் அது தேன் மட்டுமல்ல. நாங்கள் தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். அதற்கு முன்னும் பின்னும் பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர்கள். வரப்பில் நின்று ‘முடியாதுங்க’ என்று எங்கள் தாத்தா ஒரு நாளும் சொல்லியிருக்க முடியாது. அவருக்குக் கிடைத்த ஒரே ‘முடியாது’, ‘பாக்கலாமுங்க’தான். அதைக் கும்பிட்டுக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

அறிக்கையில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? “இப்பகுதி மக்கள் இயல்பிலேயே இணக்கமானவர்கள்.”

தூ என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இங்கே நடைபாதையில் துப்பினால் தப்பு.

3

பதிவுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். அந்தரங்கம் காக்கிறார்களாம். ஒரு நாள் காலையில் காபியோடு உட்கார்ந்து ஒரு பதிவைப் போட்டேன். முதலில் ஒரு கோழி கொக்கரித்தது. அதை விரட்டிய குரலைக் கேட்டதும் கையில் இருந்த காபியை மேஜையில் வைத்தேன். அது ரூத் அக்கா.

அப்பா வெட்டிய கிணறு இப்போது அக்காவிடம்தான் இருக்கிறது. சுற்றிலும் கிணறுகள் வறண்டுபோய் முள் முளைத்துக் கிடக்கின்றன. அக்காவின் கிணற்றில் மட்டும் இன்னும் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. கோடையில் நாலு வீடு அதில்தான் இறைக்கிறது.

கேள்வி கேட்டவள் கோயமுத்தூர்க் கல்லூரி மாணவி. எங்கள் பக்கத்துப் பேச்சுத்தான் பேசினாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் எழுதி எடுத்ததை அப்படியே தருகிறேன்.

“அம்மா, பக்கத்துல காஞ்சு கெடக்கற கெணத்துல எல்லாம் தண்ணி உடப்போறமுங்க. நெலத்தடித் தண்ணி மேல வருமுங்க.”

“சரிங்க.”

“சாயப்பட்டறைத் தண்ணிதானுங்க. ஆனா சுத்தம் பண்ணுனதுங்க.”

இங்கே கோழிச் சத்தம்.

“சரிங்க.”

“உங்களுக்குச் சம்மதமுங்களாம்மா?”

“பாக்கலாமுங்க அம்மணி. வெயில்ல வந்திருக்கறீங்க, சித்த உக்காந்து தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க.”

“இல்லீங்கம்மா, பாட்டில் வெச்சிருக்கறனுங்க. அப்ப சம்மதம்னே போட்டுக்கறனுங்க.”

“என்னமோ போட்டுக்குங்க. போயிட்டு வாங்க.”

கவனித்தீர்களா? அந்தப் பெண்ணுக்கும் ‘இல்லீங்க’ என்று சொல்ல வருகிறது. தண்ணீர் கொடுத்தபோது பட்டென்று வந்தது. சாதி பார்த்தாளா, சளி பிடிக்கும் என்று பயந்தாளா, எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா சொன்ன ‘இல்லை’ மட்டும் அவள் காதில் ஏறவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க மாட்டாள். அந்தக் கிணற்றுக்காரி சம்மதித்துவிட்டாள் என்று மட்டும் குறித்துக்கொள்வாள்.

எல்லாப் பதிவும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரு தாத்தா “பெரியவிங்க நீங்க சொன்னாச் சரிங்க” என்று அந்தச் சின்னப் பெண்ணைப் பெரியவராக்கினார். ஒரு அம்மா “ஆகட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். இரண்டும் சம்மதத்தில் சேர்ந்தன.

நான் படித்த வேதியியலை இன்னும் முழுதாக மறந்துவிடவில்லை. முதல் குழுவின் அறிக்கையில் ஓரமாக ஒரு வரி இருக்கிறது: அருகில் நீருள்ள கிணறுகளில் உப்பு கூடக்கூடும், மேலும் ஆராய வேண்டும். அருகில் நீருள்ள கிணறு என்றால் அது அக்காவின் கிணறு. அதை ஆராய ஆளில்லை. மக்கள்தான் சம்மதித்துவிட்டார்களே.

4

இன்னொரு வரியையும் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. “இப்பகுதியினர் புதிய முயற்சிகளை எதிர்ப்பதில்லை என்பது முந்தைய ஆய்விலும் உறுதியாகியுள்ளது” என்று எழுதியிருக்கிறார்கள். அந்த முந்தைய ஆய்வு எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நடந்தது.

ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். ஆழ்துளைக் கிணறு போடுவதைப் பற்றிக் கேட்டார்கள். எங்கள் ஊரில் அடுத்தவர் கிணற்றில் நாங்கள் இறங்கக் கூடாது என்றிருந்த காலத்தை அப்பா பார்த்தவர். பெரிய வாய்க்கால் வெட்டும் வேலைக்குப் போய், துண்டு நிலம் வாங்கி, அம்மாவும் சித்தப்பாவும் மண் சுமக்க, அந்தக் கிணற்றை வெட்டினார். முதல் ஊற்று கண்ட அன்று பாதிரியாரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணினார். அப்படிப்பட்டவரிடம் வந்து, ஊரெல்லாம் ஆழமாகத் துளை போட்டால் நல்லதுதானே என்று கேட்டார்கள். ஆழத்தில் உறிஞ்சினால் மேல் ஊற்று என்ன ஆகும் என்று அப்பாவுக்குத் தெரியாதா? “பாக்கலாமுங்க” என்றார். அவர்களும் ஏதோ குறித்துக்கொண்டு போனார்கள்.

துளைகள் வந்தன. கிணறுகள் வறண்டன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேட்டிருப்பீர்கள். எங்கள் ஊரில் பூதம் ஜீப்பில் வந்து, மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது. இப்போது அந்த வறண்ட கிணறுகளை நிரப்பத்தான் புது ஆய்வு. பழைய ஆய்வு வற்ற வைக்கும். புதிய ஆய்வு அதில் சாயத் தண்ணீரை ஊற்றும். பழைய பொய்யைச் சாட்சிக்கு அழைத்துப் புதிய பொய் எழுந்து நிற்கும். இதற்கு மேற்கோள் என்று பெயர்.

5

சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கேக் வெட்டுவதற்குச் சில நாள் முன்பு கூட்டம் போட்டார்கள். கோயமுத்தூர்க் கல்லூரியின் ஆய்வுப் பொறுப்பாளர் கணினித் திரையில் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“மேடம், நம்மூர் ஆளுங்க அப்படித்தானுங்களே. எதைக் கேட்டாலும் சரிம்பாங்க. நாம என்ன பண்ணமுடியுமுங்க?” என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, திரும்பிப் பேராசிரியரிடம் ஆங்கிலத்தில், களப்பணி முறைப்படி நடந்தது என்றார். ஒரே வாய்; இரண்டு மொழி.

பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். விடைக்கான கட்டங்கள் மூன்றே மூன்று: சம்மதம், சம்மதமில்லை, கருத்தில்லை. நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த பிறகு கட்டத்தை மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் தனி விண்ணப்பம், அதற்குத் தனிக் குழு, அந்தக் குழு கோடை விடுமுறைக்குப் பிறகுதான் கூடும். “நீங்கள் எழுத்துப் பிழையைத் திருத்தலாம்” என்றார். “பொருள் உங்கள் பொறுப்பில் வராது.” பொருள் யார் பொறுப்பில் வரும் என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவர் சொன்னார்: “எங்கள் மொழியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆம் என்றால் ஆம். இல்லை என்றால் இல்லை.”

நான் என்ன செய்தேன்? அவர் பேசப் பேச “யா… யா…” என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக. முடித்ததும் “யா, குட்” என்றேன். ‘ஆமா, நல்லதுங்க’. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. “மொழி சரிபார்ப்பாளர் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு இறுதி வடிவத்துக்குச் சம்மதித்தார்.”

எத்தனையோ வருஷம் இந்த நாட்டுக் குளிரைத் தின்று, இவர்கள் இலக்கணத்தை மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவள் நான். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது என் தாத்தாவின் ‘சரிங்க’. அதை ஜெர்மன் மொழியில் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் மேல் இருந்த அருவருப்பு அப்படியே திரும்பி என் மேல் விழுந்தது.

6

என் மகள் மெர்லினுக்குப் பதினேழு வயது. தமிழ் கேட்டால் புரியும். பேசினால் பாதிதான் வரும். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சர்ச்சுக்கு வருகிறாயா என்றால் “நைன்”, அதாவது இல்லை. ஊருக்குப் போகலாமா என்றால் “நைன்”. அந்த ‘நைன்’ கேட்டுக் கேட்டு நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன். பெற்ற தாயிடம் இப்படியா பேசுவது, ஒரு ‘பாக்கலாம்மா’ கூடவா சொல்லக் கூடாது என்று.

அந்தக் கேக் நாளில் நான் சாப்பிடாமல் படுத்திருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். அக்காவின் பதிவையும் போட்டுக் காட்டினேன். பெரியம்மாவின் குரல் கேட்டுச் சிரித்தாள். ‘பாக்கலாமுங்க அம்மணி’ வந்ததும் சிரிப்பு நின்றது.

“பெரியம்மா நோ சொல்றாங்க” என்றாள், தமிழில்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் நாய் கேட்டேன்ல? சின்னப் புள்ளையா இருக்கறப்ப. நீ பாக்கலாம் கண்ணு, பாக்கலாம் கண்ணுன்ன. நான் நாய்க்குப் பேரெல்லாம் வெச்சேன். அப்புறம் தெரிஞ்சுபோச்சு.” தோளைக் குலுக்கினாள். “ஒரு சின்னப் புள்ளைக்குத் தெரிஞ்சுது. உங்க புரொபசருக்குத் தெரியாதா?”

நான் பதிவை நிறுத்தினேன். அவளே கேட்டாள்: “தமிழ்ல நைனுக்கு என்னம்மா? நீ சொல்லி நான் கேட்டதே இல்ல.”

‘இல்லை’ என்றேன். அது ஒரு சாமான் இல்லாததற்குச் சொல்வது அல்லவா, ஒன்றைச் செய்யாததற்கு என்ன சொல்வது என்றாள். என் மகளா இப்படிக் கேட்கிறாள் என்று பார்த்தேன். ‘மாட்டேன்’ என்றேன். அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ‘மாட்’டுக்கும் ‘டே’க்கும் நடுவில் நாக்கு தடுக்கியது. ஆனால் சொல் பிடித்துவிட்டது. இப்போது பாத்திரம் கழுவச் சொன்னால் அதைத்தான் சொல்கிறாள். அந்தக் கொடுமை வேறு.

7

கேக் வெட்டியதற்கு மறுநாள் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. கூட்டக் குறிப்பில் இருப்பது தவறு, நான் சம்மதிக்கவில்லை என்று எழுதினேன். பதிவுகளில் இருப்பது மறுப்பு, சம்மதம் அல்ல; அதைத் திருத்தாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதினேன். வழக்கமாக முடிவில் சேர்க்கும் ‘அன்பான வணக்கங்களுடன்’ என்பதைக்கூடச் சேர்க்கவில்லை. அனுப்பினேன். வேலை போகலாம். போனால் போகட்டும் என்று இருந்தது. மரியாதைக் கேடாக நடந்துவிட்டோமே என்றும் இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் மத்தியானமே வந்தது. அக்கறைக்கு நன்றி என்று முதல் வரி. அடுத்த மாதம் கோவைக் குழு அந்த ஊருக்குப் போய் மக்களைக் கூட்டிக் கையெழுத்து வாங்கப்போகிறது என்று இரண்டாம் வரி. கடைசியில் மூன்றே சொல்: “ஷாவென் வியா மால்.”

அந்த மூன்று சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். வாடகை வீட்டு உரிமையாளரிடம் கூரை ஒழுகுகிறது என்றபோது அதைத்தான் சொன்னார். விசா அலுவலகத்தில் அம்மாவை ஒரு தடவை இங்கே அழைத்து வரலாமா என்று கேட்டபோதும் அதேதான். கூரை இன்னும் ஒழுகுகிறது. அம்மா இங்கே வராமலேயே கண்ணை மூடினார். அப்படியே தமிழில் சொன்னால், ‘பார்க்கலாம்.’

இவர்களுக்கும் அந்தச் சொல் இருக்கிறது! இவர்கள் வாயிலிருந்து வந்தால் அதற்கு என்ன பொருள் என்று இவர்களுக்கும் தெரியும். எங்கள் வாயிலிருந்து வந்தால் மட்டும்தான் அது சம்மதம். இத்தனை நாள் இதைப் புரியாமை என்று நினைத்திருந்தேன். ஆய்வுக்காரர்கள் ஊர்ப் பழக்கம் தெரியாமல் தடுமாறுகிறார்கள், எடுத்துச் சொன்னால் திருந்துவார்கள் என்று நினைத்தேன். தெரியாதவருக்குச் சொல்லலாம். தெரிந்தே எழுதுகிறவருக்கு என்ன மொழிபெயர்த்துச் சொல்வது?

அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே வெயில் தாழ்ந்த நேரம். பின்னால் அதே கோழி.

“அக்கா, அன்னைக்கு ஒரு புள்ள வந்து தண்ணி உடறதப் பத்திக் கேட்டாளே. நீ என்ன சொன்ன?”

“அதென்னத்தச் சொன்னேன். பாக்கலாமுங்கன்னு சொல்லி அனுப்பிச்சுப்போட்டேன். ஏங்கண்ணு?”

“நீ சம்மதம்னுட்டேன்னு எழுதிட்டாங்கக்கா. உப்புத் தண்ணி நம்ம கெணத்துக்கு வரும். எழுதுனது தப்புன்னு இங்க இருக்கறவங்களுக்கு லெட்டர் போட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“பாக்கலாம்னு சொன்னாங்க.”

அக்கா ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

“அப்ப முடியாதுன்னுட்டாங்க.”

“ஆமாக்கா.”

அக்கா அழுகிறாளோ என்று நினைத்தேன். பிறகு கயிறு உருளையில் உரசும் சத்தம் கேட்டது. பேசிக்கொண்டே தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறாள்.

“திருப்பியும் வருவாங்களா?”

“அடுத்த மாசம் வருவாங்கக்கா. ஊரைக் கூட்டிக் கையெழுத்து கேப்பாங்க.”

“வரட்டும்” என்றாள் அக்கா. “நாலு ஊட்டுலயும் சொல்லி வெச்சுப்போடறேன். வந்தா மொதல்ல இந்தத் தண்ணியத்தான் மோந்து குடுப்பேன். குடிச்சாலும் முடியாதும்பேன், குடிக்காட்டியும் முடியாதும்பேன்.”